கவுன்சில் வளர்க்கும் பிள்ளைகளைக் கவுன்சிலர்கள் எப்படிக் கண்காணிக்கிறார்கள்?

லண்டனில் நம் வீட்டு வாசலில் குப்பைத் தொட்டியைக் காலி செய்துவிட்டுப் போவது கவுன்சில். பார்க்கிங் டிக்கெட் ஒட்டுவதும் கவுன்சில், நூலகத்தை மூடுவதும் கவுன்சில். அதே கவுன்சில் சில நூறு பிள்ளைகளுக்குச் சட்டப்படி பெற்றோர் இடத்திலும் இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் அது ஏதோ சோஷியல் வொர்க்கர்கள் சமாச்சாரம், நாம் ஓட்டுப் போட்டு அனுப்பிய கவுன்சிலருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றே நினைக்கிறார்கள். சம்பந்தம் இருக்கிறது. 2024 மார்ச் 31 நிலவரப்படி இங்கிலாந்தில் 83,630 பிள்ளைகள் இப்படி உள்ளாட்சிகளின் பராமரிப்பில் இருந்தார்கள். எங்கே தூங்குவது, எந்தப் பள்ளிக்குப் போவது, பல் டாக்டரைப் பார்த்தாயிற்றா, தங்கையைப் பார்க்க யார் கூட்டிப் போவது என்று இவர்கள் வாழ்க்கையின் சின்ன விஷயம் பெரிய விஷயம் எல்லாவற்றையும் ஒரு நிர்வாகம் முடிவு செய்கிறது. அந்த நிர்வாகத்தைத் தட்டிக் கேட்க வேண்டியவர்கள் மக்கள் தேர்ந்தெடுத்த கவுன்சிலர்கள். அந்த வேலை எப்படி நடக்கிறது, எங்கே சறுக்குகிறது என்பதுதான் இங்கே விஷயம். இங்கிலாந்தை மட்டும்தான் சொல்கிறேன். ஸ்காட்லாந்தில் சட்டமே வேறு, வேல்ஸும் பல விஷயங்களில் தனி வழி.

முதலில் ஒரு பயத்தை ஒதுக்கி வைத்துவிடலாம். 'சோஷியல் சர்வீஸ் வந்தால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள்' என்று நம் வீடுகளில் சொல்வது வழக்கம். அப்படி எந்த சோஷியல் வொர்க்கரும் தன் விருப்பத்துக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாது. அடிப்படைச் சட்டம் 1989ஆம் ஆண்டின் சிறுவர் சட்டம். அதன் 31ஆம் பிரிவின்படி, பிள்ளைக்குக் கணிசமான தீங்கு நேர்கிறது அல்லது நேரக்கூடும், அதற்குக் காரணம் கிடைக்கும் கவனிப்பு சரியில்லாதது அல்லது பிள்ளை பெற்றோர் கட்டுப்பாட்டில் இல்லாததுதான் என்று நீதிமன்றத்துக்குப் பட்டால் மட்டுமே பராமரிப்பு ஆணை கிடைக்கும். அவசரத்தில் போலீஸ் ஒரு பிள்ளையைப் பாதுகாப்பில் எடுக்கலாம், ஆனால் அதிகபட்சம் 72 மணி நேரம்தான். இன்னொரு வழி 20ஆம் பிரிவு: பெற்றோரே சம்மதித்துப் பிள்ளையைக் கவுன்சிலிடம் விடுவது, அல்லது பார்த்துக்கொள்ள யாருமே இல்லாத பிள்ளையைக் கவுன்சில் ஏற்பது. தனியாகப் படகிலும் லாரியிலும் வந்து சேரும் அகதிச் சிறுவர்கள் பெரும்பாலும் இந்த 20ஆம் பிரிவின் கீழ்தான் வருகிறார்கள். பெற்றோர் சம்மதத்தின் பேரில் வந்த பிள்ளையைப் பெற்றோர் எப்போது வேண்டுமானாலும் திரும்பக் கேட்கலாம். நீதிமன்ற ஆணை இருந்தால் அது முடியாது, பெற்றோர் பொறுப்பைக் கவுன்சிலும் பகிர்ந்துகொள்கிறது. மொத்தப் பிள்ளைகளில் மூன்றில் இரண்டு பங்கு, பிறர் பிள்ளையைத் தம் வீட்டில் வைத்து வளர்க்க முன்வரும் ஃபாஸ்டர் குடும்பங்களில் இருக்கிறார்கள், மீதிப் பேர் இல்லங்களில், தங்குமிடங்களில், சிலர் ஆணை இருந்தபடியே சொந்த வீட்டில்.

இந்த ஏற்பாடு வந்த கதை 1945இல் தொடங்குகிறது என்று சொல்லலாம். வேல்ஸின் நியூபோர்ட் கவுன்சில் பொறுப்பில் இருந்த டெனிஸ் ஓ'நீல் என்ற 12 வயதுப் பையன், எல்லை தாண்டி இங்கிலாந்தின் ஷ்ரோப்ஷயரில் ஒரு பண்ணை வீட்டில் வளர விடப்பட்டான். அங்கே அடியும் பட்டினியும்தான். ஜனவரி மாதக் குளிரில் செத்துப்போனான், பண்ணைக்காரருக்குச் சிறை. சர் வால்டர் மாங்க்டன் நடத்திய விசாரணையில் வெளிவந்ததைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன். பிள்ளையை அனுப்பியது ஒரு கவுன்சில், அவன் இருந்தது இன்னொரு கவுன்சில் எல்லையில். போய்ப் பார்ப்பது யார் வேலை என்பதில் இரண்டுக்கும் நடுவே குழப்பம். காகிதம் மட்டும் அங்கும் இங்கும் போய்க்கொண்டிருந்தது. அதைத் தொடர்ந்து மைரா கர்ட்டிஸ் தலைமையிலான குழுவின் அறிக்கை 1946இல் வந்தது, 1948இல் சிறுவர் சட்டம் வந்தது. ஒவ்வொரு உள்ளாட்சியிலும் இதற்கென ஒரு கவுன்சிலர் குழுவும் ஓர் அதிகாரியும் இருக்க வேண்டும் என்று அந்தச் சட்டம்தான் முதலில் சொன்னது. எண்பது வருஷம் ஆகப்போகிறது, தூரத்துப் பண்ணை வீடு என்ற பிரச்சினை மட்டும் தீரவில்லை. அதற்கு அப்புறம் வருகிறேன்.

இன்றைய அமைப்பின் உச்சியில் இரண்டு பேர். ஒருவர் சிறுவர் சேவை இயக்குநர், சம்பளம் வாங்கும் அதிகாரி. மற்றவர் அந்தத் துறைக்குப் பொறுப்பான கவுன்சிலர், கிட்டத்தட்ட ஒரு குட்டி அமைச்சர். இந்த இரண்டு பதவிகளையும் கட்டாயமாக்கியது 2004ஆம் ஆண்டுச் சட்டம். அதற்குப் பின்னால் இருப்பது 2000 பிப்ரவரியில் லண்டனில் கொல்லப்பட்ட எட்டு வயதுச் சிறுமி விக்டோரியா கிளிம்பியேயின் மரணம். அவள் கவுன்சில் பராமரிப்பில் இருந்தவள் அல்ல, உறவுக்காரப் பெண்ணிடம் இருந்தவள். ஆனால் லண்டனின் பல கவுன்சில்களும் மருத்துவமனைகளும் போலீசும் அவளைப் பார்த்தும் கோட்டை விட்டார்கள். லார்ட் லேமிங் விசாரித்தபோது மேலே உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் 'அது கீழே உள்ளவர்கள் வேலை' என்று கையைக் கழுவினார்கள். அப்படி இனி யாரும் நழுவக் கூடாது என்பதற்காகத்தான் பெயர் சொல்லிக் கைகாட்ட இரண்டு பேர்.

இவர்களுக்குக் கீழேயும் பக்கத்திலும் ஒரு படையே உண்டு. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு சோஷியல் வொர்க்கர். பிள்ளை புது இடத்துக்குப் போன முதல் வாரத்துக்குள் ஒரு முறை, பிறகு முதல் வருஷம் முழுக்க ஆறு வாரத்துக்கு ஒரு முறையாவது நேரில் போய்ப் பார்க்க வேண்டும். பிள்ளையின் திட்டம் சரியாக நடக்கிறதா என்று பார்க்க ஒரு சுயேச்சை மறுஆய்வு அதிகாரி. 20 வேலை நாளுக்குள் முதல் கூட்டம், மூன்று மாதத்தில் அடுத்தது, பிறகு ஆறு மாதத்துக்கு ஒன்று. இந்த 'சுயேச்சை' அதிகாரிக்குச் சம்பளம் கொடுப்பதும் அதே கவுன்சில்தான் என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். ஒருவர் 50 முதல் 70 பிள்ளைகள் வரை பார்க்கலாம் என்று வழிகாட்டி நூல் சொல்கிறது. படிப்பைக் கவனிக்க ஒரு தலைமையாசிரியர், பள்ளிக்கூடம் இல்லாத தலைமையாசிரியர். மாவட்டம் முழுக்கச் சிதறிக் கிடக்கும் பராமரிப்புப் பிள்ளைகள்தான் அவர் பள்ளி. இல்லங்களுக்கு மாதம் ஒரு முறை வெளியாள் ஒருவர் வந்து பார்த்து அறிக்கை எழுத வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே ஆஃப்ஸ்டெட், பள்ளிகளுக்கு மார்க் போடும் அதே ஆய்வு நிறுவனம், கவுன்சிலின் சிறுவர் சேவைக்கும் 'மிகச் சிறப்பு' முதல் 'போதாது' வரை நாலு படியில் மார்க் போடுகிறது.

சரி, இத்தனை பேர் இருக்கும்போது கவுன்சிலர் எதற்கு? இங்கே எழுதியிருக்கும் மற்ற எல்லாரும் அதிகாரிகள், வேலைக்கு வந்தவர்கள். 'இது போதாது, வேறு எதையாவது குறைத்து இதற்குப் பணம் போடு' என்று சொல்லும் அதிகாரம் ஓட்டு வாங்கி வந்தவருக்குத்தான் உண்டு. 1998இல் சுகாதார அமைச்சராக இருந்த ஃபிராங்க் டாப்சன் நாட்டின் எல்லாக் கவுன்சிலர்களுக்கும் கடிதம் எழுதி, இந்தப் பிள்ளைகளுக்கு நீங்கள் பெற்றோர் மாதிரி நடந்துகொள்ள வேண்டும் என்றார். 'கார்ப்பரேட் பேரன்ட்' என்ற சொல் அப்போதுதான் பரவலானது. 2017இல் வந்த சட்டம் அதற்கு ஏழு கொள்கைகளை எழுத்தில் வைத்தது: பிள்ளையின் நலனுக்காக நடப்பது, அவர்கள் சொல்வதைக் கேட்பது, நிலையான வீடும் உறவும் கொடுப்பது, பெரியவர்களாகித் தனியே போகத் தயார் செய்வது இப்படி. பராமரிப்பை விட்டுப் போனவர்களுக்கு 25 வயது வரை கவுன்சில் உதவ வேண்டும் என்பதும் அந்தச் சட்டத்தில்தான் விரிவானது. இந்தப் பொறுப்பு ஆளும் கட்சிக்கு மட்டும் உள்ளதல்ல, பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் எதிர்க்கட்சிக் கவுன்சிலருக்கும் உண்டு.

நடைமுறையில் இது இரண்டு மேசைகளில் நடக்கிறது. ஒன்று ஸ்க்ரூட்டினி கமிட்டி, அதாவது ஆட்சிக் குழு செய்வதை மற்றக் கவுன்சிலர்கள் ஆராய்ந்து கேள்வி கேட்கும் குழு, 2000ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம் கொண்டுவந்தது, பொதுமக்கள் போய் உட்காரலாம். இன்னொன்று பெற்றோர் பொறுப்புக்கான குழு, பல இடங்களில் கதவு மூடித்தான் நடக்கும்.

ஒரு கூட்டத்தைப் பக்கத்தில் இருந்து பார்ப்போம். மாலை ஆறரை அல்லது ஏழு மணி. கவுன்சிலர்களில் பாதிப் பேர் பகலெல்லாம் வேறு வேலை பார்த்துவிட்டு வந்தவர்கள், கையில் காபி. முன்னால் நூறு, நூற்றைம்பது பக்கக் கோப்பு. சட்டப்படி ஐந்து முழு நாள் முன்னதாக அது வெளியாகிவிடும், ஆனால் யார் முழுசாகப் படித்தார்கள் என்பது முதல் பத்து நிமிஷத்தில் தெரிந்துவிடும். பக்கத்துக்குப் பக்கம் அட்டவணை, சிவப்பு மஞ்சள் பச்சை. குறித்த நேரத்தில் நடந்த மறுஆய்வுக் கூட்டங்கள்: பச்சை. மருத்துவப் பரிசோதனை: பச்சை. பல் பரிசோதனை: மஞ்சள். ஒரே வருஷத்தில் மூன்று அல்லது அதற்கு மேல் வீடு மாறிய பிள்ளைகள், நாடு முழுக்க எடுத்தால் பத்தில் ஒரு பிள்ளை: மஞ்சள். கவுன்சிலரின் கண் போவது எங்கே? சிவப்புக்கு. சிவப்பு எப்போது மஞ்சளாகும் என்று கேட்பார், அடுத்த காலாண்டில் என்று இயக்குநர் பதில் சொல்வார், அடுத்த விஷயம்.

பச்சையைக் கேள்வி கேட்பவர் அபூர்வம். 'மறுஆய்வுக் கூட்டம் நேரத்துக்கு நடந்தது' என்ற பச்சைக் கட்டத்துக்குள் என்னவெல்லாம் இருக்கலாம் என்று யோசித்துப் பாருங்கள். பிள்ளை அந்தக் கூட்டத்துக்கு வரவே இல்லாமல் இருக்கலாம். வந்து ஒரு வார்த்தையும் பேசாமல் இருந்திருக்கலாம். போன கூட்டத்தில் 'தம்பியைப் பார்க்கணும்' என்று கேட்டது இன்னும் நடக்காமல் இருக்கலாம், சோஷியல் வொர்க்கர் நடுவில் இரண்டு முறை மாறியிருக்கலாம். 2023 செப்டம்பர் கணக்கில் இங்கிலாந்தின் சிறுவர் துறையில் வேலை பார்த்த சோஷியல் வொர்க்கர்களில் சுமார் ஆறில் ஒருவர் ஏஜென்சி ஆள், இன்றைக்கு இருப்பார், ஆறு மாதத்தில் இன்னொரு கவுன்சிலுக்குப் போய்விடுவார். எண்ணுக்கு இதெல்லாம் தெரியாது. கூட்டம் நேரத்துக்கு நடந்ததா, நடந்தது, பச்சை.

நல்ல கவுன்சிலர் வேறு மாதிரி கேட்பார். இந்தக் காலாண்டில் மறுஆய்வு அதிகாரிகள் எத்தனை முறை துறையோடு முரண்பட்டு மேலே கொண்டு போனார்கள்? பூஜ்யம் என்று பதில் வந்தால் நானாக இருந்தால் சந்தோஷப்பட மாட்டேன், பயப்படுவேன். எத்தனை பிள்ளைகளுக்கு நாங்கள் கேட்ட முதல் இடம் கிடைக்காமல் மூன்றாவது நாலாவது இடத்தில் வைத்தோம்? எத்தனை அண்ணன் தங்கைகளைப் பிரித்தோம்? இவை கோப்பில் இருக்காது, கேட்டால்தான் வரும். பராமரிப்பில் இருக்கும் பிள்ளைகளே சேர்ந்த ஒரு மன்றம் ஏறக்குறைய எல்லாக் கவுன்சிலிலும் உண்டு. அதிலிருந்து இரண்டு பேர் வந்து குழுவில் பேசுவார்கள். சில இடங்களில் அது உண்மையாகவே வேலை செய்கிறது. சில இடங்களில் பீட்சா, கைதட்டல், படம், அவ்வளவுதான். துணிமணியைக் கறுப்புக் குப்பைப் பையில் போட்டு வீடு மாற்றுகிறார்கள், அது அவமானமாக இருக்கிறது, ஒரு பெட்டி கொடுங்கள் என்று இந்தப் பிள்ளைகள் பல வருஷமாகக் கேட்டு வருகிறார்கள். எந்த அட்டவணையிலும் அதற்குக் கட்டம் கிடையாது.

அப்புறம் கட்சிக் கணக்கு. கமிட்டிகளில் இடங்கள் கவுன்சிலில் உள்ள கட்சி பலத்தின் விகிதப்படிதான் பிரிக்கப்படும். நம் ஆட்கள் நிறைய இருக்கும் நியூஹாமை எடுத்துக்கொள்ளுங்கள், 2022 தேர்தலில் 66 இடங்களில் 64 லேபர் கட்சிக்கு. லூயிஷமில் 54க்கு 54, பார்க்கிங் அண்ட் டாகன்ஹமில் 51க்கு 51. எந்தக் கட்சியாக இருந்தாலும் இதே நிலைதான் என்பதால் கட்சியைக் குறை சொல்லவில்லை. ஆனால் தன் கட்சித் தலைவர் நியமித்த துறைக் கவுன்சிலரை, நாளைக்குத் தனக்கும் அப்படி ஒரு பதவி கிடைக்குமா என்று எதிர்பார்த்திருக்கும் ஒருவர், பொதுக் கூட்டத்தில் எவ்வளவு நெருக்கிக் கேட்பார்? கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். அது அவர்கள் குணத்தைப் பொறுத்தது, அமைப்பு அவர்களுக்கு உதவுவதில்லை.

கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு வட இங்கிலாந்தின் ராதரம் ஊரைவிடப் பெரிய பாடம் இல்லை. 1997 முதல் 2013 வரை அந்த ஊரில் சுமார் 1,400 சிறுவர் சிறுமியர் பாலியல் சுரண்டலுக்கு ஆளானார்கள் என்று 2014 ஆகஸ்டில் அலெக்சிஸ் ஜே அறிக்கை மதிப்பிட்டது. எல்லாரும் கவுன்சில் பராமரிப்பில் இருந்தவர்கள் அல்லர், ஒரு பகுதியினர் இருந்தார்கள். அந்த அறிக்கையில் எனக்கு மறக்காத இடம் 2004, 2005 பற்றியது. அந்தக் காலத்திலேயே கவுன்சிலர்களுக்கும் மூத்த அதிகாரிகளுக்கும் கருத்தரங்கு வைத்து, என்ன நடக்கிறது என்று ஒளிவுமறைவில்லாமல் எடுத்துச் சொல்லியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு 'எங்களுக்குத் தெரியாது' என்று யாரும் சொல்ல முடியாது என்கிறார் ஜே. தகவல் கிடைக்கவில்லை என்பதல்ல பிரச்சினை. தகவல் மேசைக்கு வந்தது, மேசையைச் சுற்றி இருந்தவர்கள் அதைத் தொடவில்லை. 2015 பிப்ரவரியில் லூயிஸ் கேசியின் ஆய்வு அந்தக் கவுன்சில் தன் வேலைக்கே லாயக்கில்லை என்றது, ஆட்சிக் குழு மொத்தமும் விலகியது, மத்திய அரசு ஆணையர்களை அனுப்பி நிர்வாகத்தை எடுத்துக்கொண்டது. 2018இல் அதே ராதரம் சிறுவர் சேவைக்கு ஆஃப்ஸ்டெட்டிடம் 'நல்லது' வாங்கியது என்பதையும் சொல்ல வேண்டும். முடியாத காரியம் ஒன்றும் இல்லை.

லண்டனின் லாம்பெத் கதை இன்னும் நீளம். சிறுவர் மீதான பாலியல் கொடுமைகளை விசாரித்த தேசிய விசாரணைக் குழு 2021 ஜூலையில் வெளியிட்ட அறிக்கையில், ஷெர்லி ஓக்ஸ் உட்பட மூன்று சிறுவர் இல்லங்களில் இருந்த 705 பேர் புகார் சொல்லியிருப்பதாக வருகிறது. அத்தனைக்கும் ஒழுங்கு நடவடிக்கைக்கு ஆளான மூத்த ஊழியர் ஒரே ஒருவர். அந்த இல்லங்கள் கவுன்சிலின் சொந்த இல்லங்கள். கவுன்சிலர்கள் முறை வைத்துப் போய்ப் பார்க்க வேண்டிய இல்லங்கள்.

இப்போது அந்த வசதியும் போய்விட்டது. இன்றைக்கு இங்கிலாந்தின் சிறுவர் இல்லங்களில் பத்தில் எட்டுக்கு மேல் தனியார் கையில். 1989 சட்டமே, முடிந்தவரை தங்கள் பகுதியிலேயே போதுமான இடங்களை ஏற்பாடு செய்ய வேண்டும் என்று கவுன்சில்களுக்குக் கடமை வைக்கிறது. ஆனால் தனியார் எங்கே இல்லம் திறப்பார்? வீட்டு விலை குறைவான இடத்தில். அதனால் நாட்டின் இல்லங்களில் ஏறக்குறைய கால்வாசி வடமேற்கு இங்கிலாந்தில் குவிந்திருக்கின்றன, லண்டனில் மிகக் குறைவு. ஈஸ்ட் ஹாமில் வளர்ந்த பதினாலு வயதுப் பையன் லங்காஷயரில் ஒரு தெருவில் போய் இருக்கிறான். பள்ளி புதுசு, நண்பன் இல்லை, சோஷியல் வொர்க்கர் வந்து போக ஒரு முழு நாள். 2022 மார்ச்சில் போட்டி ஆணையம் இந்தச் சந்தையை ஆராய்ந்து, சரியாக இயங்கவில்லை என்று சொன்னது. பெரிய நிறுவனங்களின் இல்லங்களில் சராசரி இயக்க லாபம் 22.6 சதவீதம் என்றும் கணக்குக் காட்டியது. 2023–24இல் ஒரு பிள்ளையை இல்லத்தில் வைக்கச் சராசரியாக வருஷத்துக்கு 3,18,400 பவுண்டு ஆனது என்று தேசியத் தணிக்கை அலுவலகம் 2025 செப்டம்பரில் சொன்னது. மூன்று லட்சம் பவுண்டு! சந்தையில் இடம் குறைவு, இன்று இரவு பிள்ளையைத் தூங்க வைத்தாக வேண்டும், கேட்ட விலையைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

இதன் இன்னொரு விளைவு ஸ்க்ரூட்டினி மேசையிலேயே தெரிகிறது. பிள்ளைகளைப் பற்றிய கூட்டம் பட்ஜெட் கூட்டமாக மாறிவிடுகிறது. 'அதிகச் செலவுப் பிள்ளைகள்' என்று ஒரு பட்டியல் வருகிறது, அவர்களை எப்படி மலிவான இடத்துக்கு மாற்றுவது என்று பேச்சு போகிறது. கவுன்சிலர்களைக் குற்றம் சொல்லி என்ன செய்வது, நாலு பிள்ளைகளின் கட்டணம் ஒரு நூலகத்தை விழுங்கும் நிலையில் அவர்களும்தான் என்ன செய்வார்கள். ஆனாலும் அந்தப் பிள்ளைக்கு இந்த இடம் பொருந்துகிறதா என்ற கேள்வி அந்த மேசையில் கடைசிக்குத் தள்ளப்படுவதை மன்னிக்க முடியவில்லை.

டான்காஸ்டரில் நடந்ததைப் பாருங்கள். மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கான மூன்று தனியார் சிறப்பு இல்லங்கள். அவற்றில் 2018 முதல் 2021 வரை இருந்த 108 பேரைப் பற்றித் தேசிய நிபுணர் குழு ஆராய்ந்து 2022 அக்டோபரில் முதல் அறிக்கை கொடுத்தது. அடி, பட்டினி, புண்ணில் வினிகர், குளிரில் வெளியே விட்டது என்று படிக்கவே முடியாத விவரங்கள். இந்த 108 பேரை அனுப்பியவை 55 உள்ளாட்சிகள். ஐம்பத்தைந்து! ஒவ்வொன்றுக்கும் அங்கே இருந்தது ஒரு பிள்ளை, இரண்டு பிள்ளை. ஒவ்வொன்றின் கோப்பிலும் அது தனித்தனிக் கட்டம், எங்காவது ஒரு சின்னப் புகார் வந்தால் அது ஒற்றைப் புகார். எல்லாவற்றையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்க யாரும் இல்லை. அந்தக் காலத்தில் ஆஃப்ஸ்டெட் அந்த இல்லங்களுக்கு 'நல்லது' என்று மார்க் போட்டிருந்தது, எனவே கவுன்சில்களின் அட்டவணையில் அவை பச்சை. மாதாமாதம் வெளியாள் வந்து எழுதும் அறிக்கை இருக்கிறதே, அது ஆஃப்ஸ்டெட்டுக்குத் தானாகப் போகும். பிள்ளையை அனுப்பிய கவுன்சிலுக்குக் கேட்டால்தான் கிடைக்கும். இப்படி ஒரு விதியை யார் யோசித்து எழுதினார்களோ. டெனிஸ் ஓ'நீலை அனுப்பிய ஊரும் அவன் இருந்த ஊரும் வேறு வேறாக இருந்ததில் தொடங்கிய ஓட்டை, இரண்டு கவுன்சில்களிலிருந்து ஐம்பத்தைந்தாகப் பெரிதாகியிருக்கிறது.

பெற்றோரே இல்லாமல் விட்ட கதை ஒன்றும் உண்டு. படகில் வந்து இறங்கும் தனிச் சிறுவர்களின் எண்ணிக்கையைச் சமாளிக்க முடியவில்லை என்று கென்ட் கவுன்சில் 2020இலும் 2021இலும் புதிதாக யாரையும் ஏற்க மறுத்தது. உள்துறை அமைச்சு அவர்களை ஹோட்டல்களில் வைத்தது. ஹோட்டலில் இருக்கும்வரை எந்தக் கவுன்சிலும் அவர்களைத் தன் பிள்ளை என்று ஏற்கவில்லை. கவுன்சில் சோஷியல் வொர்க்கர் இல்லை, மறுஆய்வு இல்லை, கேள்வி கேட்க ஒரு கவுன்சிலர் இல்லை. 2021 ஜூலைக்குப் பிறகு 4,600 சிறுவர்கள் இப்படித் தங்கியதாகவும், காணாமல் போனவர்களில் 200 பேர் இன்னும் கிடைக்கவில்லை என்றும் 2023 ஜனவரியில் அமைச்சரே பாராளுமன்றத்தில் சொன்னார். அதே 2023 ஜூலையில் உயர் நீதிமன்றம், ஹோட்டலில் வைப்பதை வழக்கமாக்கியதும் சட்டவிரோதம், கென்ட் ஏற்க மறுத்ததும் சட்டவிரோதம் என்று தீர்ப்பளித்தது. கண்காணிப்பு எவ்வளவு ஓட்டையாக இருந்தாலும் அது அறவே இல்லாமல் போனால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்க்க அந்த 200 போதும்.

தோற்றுப்போன கவுன்சில்களிடமிருந்து சிறுவர் சேவையைப் பிடுங்கித் தனி அறக்கட்டளையிடம் கொடுப்பது அரசு கையாண்ட ஒரு மருந்து. டான்காஸ்டரில் 2014இல் அப்படிச் செய்தார்கள், 2022இல் மீண்டும் கவுன்சிலிடமே வந்துவிட்டது. பர்மிங்ஹமில் 2018இல் தொடங்கியது, 2023இல் 'நல்லது' வாங்கியது. வேலை செய்திருக்கிறது என்றே சொல்லலாம், ஆனால் சேவை ஒரு படி தள்ளிப் போவதால் கவுன்சிலரின் கேள்வியும் ஒரு படி தள்ளிப் போகிறது. இப்போது பேசப்படுவது பல கவுன்சில்கள் சேர்ந்து இடம் பிடிக்கும் வட்டாரக் கூட்டுறவு அமைப்புகள். 2022இல் ஜாஷ் மெக்அலிஸ்டர் தலைமையில் நடந்த ஆய்வின் யோசனை அது. 2024 டிசம்பரில் பாராளுமன்றத்துக்கு வந்த சிறுவர் நல மசோதா அதற்கு வழி செய்ததோடு, தேவைப்பட்டால் தனியார் லாபத்துக்கு உச்சவரம்பு வைக்கும் அதிகாரத்தையும் அரசுக்குக் கொடுக்கப் பார்த்தது. விலை பேசுவதற்கு நல்ல யோசனைதான். ஆனால் பத்துக் கவுன்சில் சேர்ந்து நடத்தும் அமைப்பை எந்தக் கவுன்சிலர் எந்த மேசையில் உட்கார்ந்து கேள்வி கேட்பார் என்பதை இப்போதே தெளிவாக எழுதி வைக்காவிட்டால் இன்னொரு ஓட்டை தயார்.

இதற்கிடையில் பல கவுன்சில்கள், பராமரிப்பில் வளர்ந்தவர்களை இனம், மதம் போலப் பாகுபாட்டிலிருந்து காக்கப்பட வேண்டிய பிரிவாக நடத்துவோம் என்று தீர்மானம் போட்டிருக்கின்றன. பல இடங்களில் ஒருமனதாக. நல்லதுதான். தீர்மானத்துக்கு அடுத்த வருஷம் எது மாறியது என்று கேட்ட கூட்டங்கள் எத்தனை என்பதுதான் எனக்குச் சந்தேகம்.

லண்டன் தமிழர்களுக்கு இதில் நேரடியாக ஒரு பங்கு இருக்கிறது. ஒரு பிள்ளையை வீட்டிலிருந்து எடுக்க வேண்டி வந்தால் முதலில் உறவினரிடம் இடம் தேட வேண்டும் என்பதுதான் சட்டத்தின் வரிசை. சித்தியோ தாத்தாவோ முன்வந்தால், முழுப் பரிசோதனை முடியும்வரை 16 வாரம் தற்காலிகமாக அனுமதி கொடுக்கக்கூட வழி உண்டு. அந்த நேரத்தில் 'ஊர் என்ன சொல்லும்' என்று குடும்பம் ஒதுங்கிக்கொண்டால் பிள்ளை அடுத்து எங்கே போகும் என்பதை மேலே பார்த்துவிட்டோம். மொழி தெரிந்த, சோறு கறி தெரிந்த ஃபாஸ்டர் குடும்பம் பக்கத்திலேயே கிடைத்தால் ஒரு பிள்ளை லங்காஷயர் போக வேண்டியதில்லை. கவுன்சில் பணம் கொடுக்கும், பயிற்சி கொடுக்கும், தனி அறை ஒன்று வேண்டும், வாடகை வீட்டில் இருந்தாலும் விண்ணப்பிக்கலாம்.

கவுன்சிலர் பக்கம் வந்தால், லண்டனில் தேர்தல் நாலு வருஷத்துக்கு ஒரு முறை, இப்போது நம் ஆட்களும் பல கட்சிகளில் நிற்கிறார்கள். கோயில் திருவிழாவுக்கு ரோட்டை மூடித் தருவீர்களா, கார் நிறுத்த இடம் கிடைக்குமா என்று வாசலில் கேட்கிறோம், கேட்க வேண்டியதுதான். கூடவே இதையும் கேட்கலாம்: நம் கவுன்சில் பிள்ளைகளில் எத்தனை பேர் இங்கிருந்து 20 மைலுக்கு அப்பால் இருக்கிறார்கள்? அவர்கள் தங்கியிருக்கும் இல்லங்களின் மாதாந்திர அறிக்கையை நம் ஆட்கள் கேட்டு வாங்குகிறார்களா? பதில் தெரியாது என்றால் பரவாயில்லை, போய் விசாரித்துச் சொல்லச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால், பெரும்பாலான கவுன்சில்களில் முழுக் கூட்டத்துக்குச் சில நாள் முன்னதாக எழுதி அனுப்பினால் குடியிருப்பவர் யாரும் ஒரு கேள்வி கேட்கலாம். துறைக்குப் பொறுப்பான கவுன்சிலர் எழுந்து பதில் சொல்ல வேண்டும், அது பதிவிலும் ஏறும்.